பெருவிரல் மை

“பேரெழுதப் பழகினா எனக்கு என்ன கிடைக்கும், தங்கச்சி?”

வவுனியாச் சிறையின் பெண்கள் பகுதியில் எழுத்து வகுப்பு தொடங்கிய முதல் புதன்கிழமை முனவ்வறா இப்படித்தான் கேட்டாள். வகுப்பு எடுத்த சுதாஜினி ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவள். அன்றைக்கு அவளுக்கு வந்த பதில் ஒன்றுதான்: “மரியாதை கிடைக்கும், அக்கா.”

மூன்று மாதம் கழித்து, அந்தப் பதிலே அவளுக்கு எதிராகத் திரும்பியது.

நெடுங்கேணிக்கு உடுப்பு மூட்டை கொண்டுபோன வழியில், மூட்டைக்குள் இராணுவம் தடைசெய்திருந்த பற்றரிகள் இருந்ததென்று சோதனைச்சாவடியில் பிடிபட்டவள் முனவ்வறா. இன்றைக்கு வழக்கு. பத்து மணிக்கு வாகனம் வரும். அவளோ பெருநாளுக்கு வெளிக்கிட்டவள் மாதிரி வந்து, வரவுக் கொப்பியில் தன் பெயரை ஆற அமர எழுதினாள். மற்றப் பெண்கள் மைப்பெட்டியில் பெருவிரலைத் தோய்த்து ஒற்றினார்கள்.

“திங்கக்கிழமை பெரிய கடதாசியிலயும் கையெழுத்து வைச்சனான்,” என்றாள் முனவ்வறா. “ சிங்களத்தில அடிச்சது. பொலிஸ் ஐயாமார் வாயைப் பிளந்திட்டினம்!”

“வாசிச்சுக் காட்டினவையே, அக்கா?”

“இல்லை. முந்தி விரலடையாளம் வைக்கேக்கை ஒருத்தர் தமிழில வாசிச்சு, விளங்கினதோ எண்டு கேட்டிட்டுத்தான் வைப்பிக்கிறவர். இப்ப என்னத்துக்கு? நான் கையெழுத்துக்காரியெல்லோ!”

சுதாஜினிக்கு விளங்கியது. கையெழுத்து வைக்கிறவள் வாசித்துவிட்டுத்தான் வைக்கிறாள் என்று அவர்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். முனவ்வறாவுக்கோ தன் பெயரைத் தவிர எதுவும் வாசிக்க வராது. முதலில் பெயர், மற்ற எழுத்தெல்லாம் பிறகு என்று முறை வகுத்தவள் சுதாஜினிதான்.

முனவ்வறா கொப்பிக்குள் மடித்து வைத்திருந்த அந்தக் கடதாசியின் பிரதியை அருந்ததி வாங்கினாள். அநுராதபுரத்தில் வீட்டுவேலை செய்து சிங்களம் பழகிய கைதி அவள். சொல் சொல்லாகக் கூட்டி வாசித்தாள்.

“‘பற்றரி என்ரைதான். தெரிஞ்சுதான் கொண்டுபோனன்.’ இப்பிடித்தானடி கிடக்கு.”

“அல்லாவே! ஆர் வைச்சதெண்டே தெரியாது எண்டெல்லோ நான் சொன்னனான்!”

வெளியே வாகனம் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

“அக்கா, நீதவானிட்டைச் சொல்லுங்கோ. பேரைத் தவிர ஒண்டும் வாசிக்கத் தெரியாது, ஒருத்தரும் வாசிச்சுக் காட்டேல்லை எண்டு.”

முனவ்வறாவின் முகம் சுண்டிப்போனது. “மூண்டு மாசம் படிப்பிச்சுப்போட்டு, அத்தினை சனத்துக்கு முன்னால தெரியாது எண்டு சொல்லச் சொல்லுறியோ? மகள் வந்து நிப்பாள். உம்மா எழுதப் பழகிட்டா எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறாள்.”

“வெக்கத்தைப் பாத்தா உள்ளுக்கைதான் கிடப்பாய்,” என்றாள் அருந்ததி. “மகள் உன்ரை கையெழுத்தையே கட்டிப்பிடிச்சுக்கொண்டு படுக்கிறது?”

“நான்தான் பிழையாப் படிப்பிச்சிட்டன், அக்கா.” என்றாள் சுதாஜினி.

காவலாளி பெயரைக் கூப்பிட்டாள். இரண்டாம் தரமும் கூப்பிட்டாள்.

முனவ்வறா வரவுக் கொப்பியை இழுத்து, காலையில் எழுதிய பெயருக்குக் குறுக்கே கோடு கீறினாள். பெருவிரலை மைப்பெட்டியில் நன்றாக அழுத்தி, பக்கத்தில் ஒற்றினாள். சுதாஜினி துடைக்கத் துணி நீட்டினாள். அவள் வாங்கவில்லை. நீல விரலை எதிலும் படாமல் விரித்துப் பிடித்தபடி வாகனத்தை நோக்கி நடந்தாள்.