நீட்டல் கோடு

தேவசகாயத்தின் காலில் வெள்ளை சாக்ஸை மாட்டிக்கொண்டிருக்கும்போதே, திரை வேண்டுமா வேண்டாமா என்ற பேரம் தொடங்கிவிட்டது.

"மூணு மணிக்கு ஆராதனை, விஜயாக்கா. பாட்டு வார்த்தையை திரையில போட்டுருவோம். ஜனங்க பாத்துப் பாடிக்கிடும்," என்றார் ஞானமுத்து, சபைக் கமிட்டிச் செயலாளர். முதல் விலையைச் சத்தமாகச் சொல்கிறவன் கத்துக்குட்டி. கைதேர்ந்தவன் காதோடு சொல்லுவான். ஞானமுத்து பிணத்துக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னார்.

விஜயகுமாரி புருஷனின் குதிகாலில் சாக்ஸை இழுத்துவிட்டாள். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த கால். "நக்கோ," என்றாள், வேண்டாம் என்பதை ஊர் பாஷையில்.

"அக்கா, கொஞ்சம்..."

"திரை நக்கோ. என் க்வயர் பாடும். நோட்ஸைப் பார்த்துப் பாடும்."

"என்ன பாட்டு?"

சொன்னாள். ஞானமுத்து முழித்தார். "நம்ம கோயில்ல அதைப் பாடினதே இல்லையே?"

"அதனாலதான்."

"ப்ராக்டீஸ் இல்லாமலா?"

"ப்ராக்டீஸ் இல்லாம பாடத்தானே ஞானமுத்து சொல்லிக் குடுக்கறேன்! பின்னே சனிக்கிழமை சனிக்கிழமை அங்க உக்காந்து கடலையா உடைக்கறேன்?"

உண்மைதான். சிகந்தராபாத் தமிழ்க் கோயிலின் பின்கூடத்தில் அவள் விற்றது அந்த ஒரு சரக்குதான். முன்பின் பார்த்திராத தாளைக் கையில் கொடுத்து, பியானோவில் ஒரே ஒரு சுரத்தைத் தட்டிவிட்டு, "ம், பாடு" என்பாள். குகட்பள்ளியிலிருந்தும் மாதாப்பூரிலிருந்தும் கழுத்தில் கம்பெனி அட்டையோடு வருகிற பிள்ளைகள் முதல் மாசம் முழுக்கத் திணறும். அப்புறம் ஒருநாள் பேப்பர் படிக்கிற மாதிரி பாடிவிட்டு, தாங்களே திகைத்துப்போய் நிற்கும். டோ, ரே, மி என்று எழுத்துகள். நடுநடுவே இரட்டைப்புள்ளி, நின்ற கோடு, படுத்த கோடு. படுத்த கோட்டுக்கு அவள் வைத்த பெயர் நீட்டல். குரலை விடாமல் பிடி என்று அர்த்தம்.

"காதால கேட்டுப் பாடறது கிளி. கண்ணால பார்த்துப் பாடறவன்தான் மனுஷன்," என்பாள். தேவசகாயம் கிளி. கல்யாணமான நாள்முதல் க்வயரின் கடைசி வரிசையில் பாஸ் என்ற அடிக்குரலில் நின்று, பக்கத்து ஆளின் வாயைப் பார்த்துப் பாடின கிளி. ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவள் வீட்டில் இருமல் நிற்காததுபோல. அதை அவள் பொறுத்துக்கொண்டாள்.

பொறுக்க முடியாதது போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இனிமேல் சுரப்புத்தகம் வேண்டாம், பெரிய திரை மாட்டி வார்த்தையை மட்டும் காட்டினால் போதும் என்று கமிட்டியில் தீர்மானம். ஆதரவாகக் கை தூக்கினவர்களில் தேவசகாயமும் ஒருவர். தூக்கிவிட்டு வீட்டுக்கு வந்து மூச்சுவிடவில்லை. கோயில் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த இன்னொருத்தி வாயால்தான் அவளுக்குச் சேதி வந்தது. வெளியாள் வெட்டினால் காயம். வீட்டாள் வெட்டினால் கேலி.

அன்றிலிருந்து அவள் அவரோடு பேசவில்லை. சோறு போட்டாள், சட்டை தேய்த்துக் கொடுத்தாள், பேசவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு, "குமாரி, ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளேன்," என்றார். அவள் தாளம் தட்டும் மெட்ரோனோமைத் திருகிவிட்டாள். டக், டக், டக். அவர் கொஞ்ச நேரம் அதோடு போட்டி போட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் காலை போவன்பள்ளி மார்க்கெட்டில் வெங்காயத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தவர், "இருய்யா, வர்றேன்," என்று மூட்டைமேல் உட்கார்ந்தார். அவ்வளவுதான். படியாத பேரத்தைப் பாதியில் விடுகிற மனுஷனே இல்லை. அன்றைக்கு மார்க்கெட்டில் ஒன்று, வீட்டில் ஒன்று என இரண்டை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

"அழுதுரு விஜயா, நெஞ்சுக்குள்ள வச்சுக்காதே," என்று சுற்றியிருந்த பெண்கள் முதுகைத் தடவினார்கள். அவள் நெஞ்சுக்குள் வைத்திருந்தது அழுகை இல்லை. தோளைப் பிடித்து உலுக்கி, எழுந்து உட்கார்ந்து பதில் சொல்லுங்க என்று கேட்க வேண்டும்போலிருந்தது.

ஞானமுத்து இரண்டாவது விலையை எடுத்தார். "அண்ணனே திரைக்குக் கை தூக்கினவருதானேக்கா. அவரு ஆசைன்னு நெனச்சுக்கிட்டா..."

"என்ன சொல்லிட்டுத் தூக்கினார்?"

"அது... சும்மா வேடிக்கையா."

"வேடிக்கையைத்தான் சொல்லுங்களேன். நானும் சிரிக்கறேன்."

ஞானமுத்து தரையைப் பார்த்தார். "'வீட்லயும் டோ ரே மி, கோயில்லயும் டோ ரே மியா? இங்கயாச்சும் நிம்மதியா பாடிக்கிடுதேம்ல'ன்னாரு. எல்லாரும் சிரிச்சோம்."

விஜயகுமாரி கையை நீட்டினாள். "இன்னொரு சாக்ஸைக் குடுங்க."

அதையும் மாட்டி, மடிப்பில்லாமல் தடவிவிட்டு எழுந்தாள். "கோயில்ல திரை இறங்குச்சுன்னா, வீட்லேர்ந்து பெட்டி இறங்காது. போய்ச் சொல்லுங்க பாஸ்டர்கிட்ட."

பேரம் அங்கே முடிந்தது.

பாட்டிருந்த புத்தகம் பொரித்த அப்பளம் மாதிரி. ஜெராக்ஸ் மெஷினில் கவிழ்த்தால் நொறுங்கிவிடும். மகன் சரத் லேப்டாப்பைத் திறந்தான். அம்மாவிடம் சுரம் படிக்காமல் கிரிக்கெட்டுக்குத் தப்பி ஓடி, பிற்பாடு சாஃப்ட்வேரில் கரையேறினவன்.

"எழுத்துதானே மம்மி, அப்படியே அடிச்சிடறேன். க்வயருக்கு எத்தனை காப்பி?"

"வர்ற எல்லாருக்கும். படிக்கத் தெரியாதவங்களும் கையில பிடிச்சிருக்கட்டும்."

கண்ணைப் புத்தகத்தை விட்டு எடுக்காமலே அடித்து முடித்தான். அவன் ஆபீசில் அது பெரிய கெட்டிக்காரத்தனம். அடித்ததை அப்படியே பிரிண்ட் போடுகிற கடைக்கு அனுப்பிவிட்டு அப்பாவின் கோட்டுக்குப் பித்தான் தைக்க ஆள் தேடிப் போனான்.

மூன்று மணிக்குக் கோயில் நிறைந்திருந்தது. பலிபீடத்துக்கு முன்னால் பெட்டி. திரை மேலே உருளையாகச் சுருண்டு கிடந்தது. அதன் கீழே ஞானமுத்து ரிமோட்டோடு, விற்காத சரக்கின் பக்கத்தில் கடைக்காரன் நிற்பதுபோல நின்றார். க்வயர் நின்றது: முன்னால் ப்ரியா, அனுபமா, மற்ற பெண்கள், கடைசி வரிசையில் இர்பான். பட்டான்செருவில் மருந்துக் கம்பெனி ஷிப்ட் வேலை. நோட்ஸ் கற்றுக்கொள்ள வந்தவனை, பாஸ் குரலுக்கு ஆள் இல்லை என்று விஜயகுமாரி பிடித்து நிறுத்தியிருந்தாள். தேவசகாயம் கடைசிக் காலத்தில் பார்த்துப் பாடியது இவன் வாயைத்தான். அவன் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாக இருந்தது.

விதவை க்வயர் நடத்தியதை அந்தக் கோயில் அதுவரை பார்த்ததில்லை. விஜயகுமாரி வெள்ளைப் புடவையோடு பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, சுரம் கொடுத்துக் கையை உயர்த்தினாள்.

முதல் அடி அழகாக எழும்பியது. நீட்டல் வர வேண்டிய இடத்தில் அறுந்தது. மறுபடி எழும்பியது, மறுபடி அறுந்தது. ப்ரியா நிறுத்தினாள், அனுபமா இழுத்துவிட்டுப் பயந்து விழுங்கினாள். சிக்னலில் சிக்கின ஷேர் ஆட்டோ மாதிரி பாட்டு குலுங்கிக் குலுங்கி நின்றது. க்வயரே விசும்புகிறது என்று நினைத்து, முதல் பெஞ்சில் ஒரு அம்மாள் ஓவென்று குரலெடுத்தாள்.

"நிறுத்துங்க!"

சாவு வீட்டுப் பாட்டை யாரும் அப்படி நிறுத்துவதில்லை. குரலெடுத்த அம்மாள்கூட நிறுத்திவிட்டாள்.

"நீட்டல் எங்கே? ஏன் வெட்டறீங்க? இதையா சொல்லிக் குடுத்தேன்?"

இர்பான் தாளைத் தலைக்கு மேல் பிடித்தான். "மேடம், நீட்டல் நை ஹை. மூஞ்சி ஹை."

"என்ன மூஞ்சி?"

"ஸ்மைலி, மேடம். ஹர் லைன் மே, எல்லா வரியிலயும். சிரிக்கவும் இல்ல, அழவும் இல்ல."

பிடுங்கிப் பார்த்தாள். இரட்டைப்புள்ளி, படுத்த கோடு, நின்ற கோடு மூன்றும் சேர்ந்து வந்த இடத்திலெல்லாம் கம்ப்யூட்டர் தன் சொந்தப் புத்தியில் ஒரு குட்டி வட்ட முகத்தைப் போட்டிருந்தது. இரண்டு கண், நேர்க்கோட்டில் ஒரு வாய். தாள் முழுக்க, உணர்ச்சியே இல்லாத முகங்கள் அவளைப் பார்த்தன. சரத் தலையில் கைவைத்துக்கொண்டான்.

ஞானமுத்து மெல்ல நெருங்கினார். கடைசி விலை. "அக்கா, ஒரு பட்டன்தான். திரையை இறக்கிட்டா எல்லாருக்கும் நிம்மதி."

நிம்மதி என்ற சொல் அவள் முகத்தில் அறைந்தது. பெட்டியைப் பார்த்தாள். உள்ளே இருந்தவர் நிம்மதியாகத்தான் இருந்தார்.

"ஞானமுத்து, பேனா வச்சிருக்கீங்களா?"

"இருக்கு."

"வெளியே எடுங்க." அவள் சபையைப் பார்த்துத் திரும்பினாள். "எல்லாரும் எடுங்க. தாள்ல இருக்கற ஒவ்வொரு மூஞ்சியையும் அடிச்சிட்டு, அங்க ஒரு படுத்த கோடு போடுங்க. ஒண்ணுகூட விடக் கூடாது."

பாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கல்லறைத் தோட்டத்துல ஆள் காத்திருக்காங்கம்மா..."

"காத்திருக்கட்டும் பாஸ்டர். நானும்தான் ஒரு வாரமா காத்திருந்தேன். ஒரு பேனா எடுத்துக்கோங்க."

முதலில் இர்பான் குனிந்தான். அப்புறம் கைப்பைகள் திறக்கும் சத்தம். பேனா இருந்தவர்கள் இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒருத்தி கண் மையை எடுத்தாள். பாஸ்டர் வேதப் புத்தகத்தை அண்டக் கொடுத்து அடித்தார். ஞானமுத்து நாக்கைக் கடித்துக்கொண்டு, கணக்கு சரிபார்க்கிறவர் மாதிரி விரலை வைத்து வைத்து அடித்தார். முன்வரிசையில் சரத் தாளை மடியில் விரித்துக்கொண்டு நிமிர்ந்தான். "சாரி மம்மி. நான் பாக்கவே இல்ல."

"பேசாதே. அடி."

"அப்பா ஃப்யூனரல்ல போய்..."

"உங்கப்பா ஃப்யூனரல்தான். அதனாலதான். அடி."

கோயில் முழுக்கப் பேனாக்கள் கீறும் சத்தம், பரீட்சை ஹாலில் கேட்பதுபோல. அது அடங்கும்வரை விஜயகுமாரி பெட்டியின் விளிம்பில் கையை ஊன்றி நின்றாள்.

"முதல்லேர்ந்து," என்றாள். சுரம் கொடுத்தாள்.

இந்த முறை அறுபடவில்லை. கோடு வந்த இடத்திலெல்லாம் குரல் தரையில் விரித்த துணி மாதிரி நீண்டு போய் அடுத்த அடியைத் தொட்டது. அனுபமாவின் குரல் கீழே இறங்க, ப்ரியாவுடையது ஏற, அடியில் இர்பான் தனியாகச் சுமந்தான். படிக்கத் தெரியாதவர்களும் தாளில் விரலை ஓட்டினார்கள். யாரும் பாடியிராத பாட்டு, பிழையில்லாமல், கடைசி அடிக்கு வந்தது.

கடைசிச் சுரத்துக்குப் பின்னால் நீட்டல் மட்டும்தான். நடத்துகிறவர் விரல்களை மூடும்வரை பிடிக்க வேண்டும். விஜயகுமாரியின் கை விரித்தபடியே உயரத்தில் நின்றது.

பிடித்தார்கள். வழக்கமாக மூட வேண்டிய இடம் தாண்டியது. ப்ரியா மூச்சுக்குத் திருட்டுத்தனமாக விட்டு மறுபடி சேர்ந்தாள். அவள் சேர்ந்ததும் அனுபமா விட்டாள். ஒருவர் மாற்றி ஒருவர் மூச்செடுத்துக் குரலைக் கீழே விழாமல் தாங்கினார்கள். இர்பானின் கழுத்து நரம்பு புடைத்தது. கண் அவள் கையைவிட்டு அகலவில்லை. பாஸ்டர் ஜெபத்துக்கு வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

பக்கவாட்டுக் கதவு வழியாகப் பெட்டியின் மூடியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். பாதி வழியில் நின்றார்கள். எங்கே இறக்குவது என்று தெரியாமல், அந்த நீளமான பலகையை ஆளுக்கொரு பக்கம் தாங்கியபடி, அவர்களும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.