இரண்டு கடைக்கும் ஒரே டேட்டாபேஸ்

அன்று மூக்குக்கண்ணாடிக் கடையில் இருந்தவர்கள் நான்கு பேர்: அண்ணன், அவர் மனைவி, தம்பி, கம்ப்யூட்டர்காரர்.

அண்ணனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மேசைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். அடுத்த தெருவில் கிளைக் கடையைப் பார்த்துக்கொள்ளும் தம்பி, காலையில் அங்கே வாடிக்கையாளர் விவரங்களை வைக்கும் மென்பொருளின் புது வெர்ஷனை ஏற்றியிருந்தான். அது இரண்டு கடைக்கும் பொதுவான டேட்டாபேஸையும் தன் போக்குக்கு மாற்றிவிட்டது. அண்ணனின் பழைய வெர்ஷனில் இப்போது ஒரு வாடிக்கையாளரின் கண் பவர் விவரம்கூடத் திறக்கவில்லை.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியாடா?"

"கேட்டா வேணாம்னுதானேண்ணே சொல்லுவீங்க. அதான் கேக்கல."

"ரொம்ப நல்ல மரியாதை!"

"திட்டினது போதும், உக்காருங்க. நீங்க நடக்கிற நடையில தரையே தேஞ்சிடும்" என்றார் மனைவி.

கம்ப்யூட்டர்காரர் தொண்டையைச் செருமினார். "ஐயா, நீங்க பழசையே வச்சுக்கலாம். நேத்து எடுத்த காப்பியை உங்களுக்குத் தனியா போட்டுத் தர்றேன். அவங்க டேட்டா அவங்களுக்கு, உங்க டேட்டா உங்களுக்கு."

அண்ணனின் நடை நின்றது. இரண்டு கடையிலும் தொங்குவது அப்பாவின் பெயர்தான். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் தங்கள் கண்ணின் விவரம் இருக்கும் என்று நம்பித்தான் ஆட்கள் வருகிறார்கள்.

"பாகம் பிரிக்கவா உங்களைக் கூப்பிட்டேன்? எனக்கும் அந்தப் புதுசையே போடுங்க. டேய், ஷட்டரை இறக்கு. வேலை முடியற வரைக்கும் யாரும் உள்ள வர வேணாம்."

தம்பி இறக்கினான்.

அண்ணன் தம்பிக்குள் கைகலப்பு, கடையை இழுத்து மூடிவிட்டார்கள் என்று தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். அன்று கடை மூடியிருந்தது புது வெர்ஷன் ஏற்றுவதற்காக.