வெள்ளிக்கிழமைப் புகை

கவிழ்த்த கூடையின் மேல் ஈரக் கூந்தலைப் பரப்பிக்கொண்டு மாதங்கி குனிந்து உட்கார்ந்திருக்கிறாள், முகம் தெரியவில்லை, கூடைக்கு அடியில் தூபக்காலில் தணல் சிவந்து கிடக்க, சாம்பிராணிப் புகை மூங்கில் கண்கள் வழியே எழுந்து முடிக்குள் புகுந்து பிடரியில் வெளியேறுகிறது, அம்மா போதும், கண்ணு எரியுது, கொஞ்சம் பொறுடி, தலையில நீர் கோத்துக்கும், என்று சொல்லிக்கொண்டே குணவதி அந்தக் கூந்தலை விலக்கிப் பார்க்கிறாள், அங்கே மகளின் முகம் இல்லை, கட்டிலுக்கடி இருட்டில் இரண்டு கண்கள் இருக்கின்றன, அவளைப் பார்த்து நடுங்கிக்கொண்டு. அது செவலை. மாதங்கி காய்ச்சலில் போய்ச் சேர்ந்து, கூடை பரணுக்குப் போய், வீட்டில் ரேடியோகூடப் பாடாமல் கிடந்தபோது, கணவர் தில்லைநாதன் பொன்மலை ரயில்வே பணிமனையிலிருந்து வரும் வழியில் நாய்க் காப்பகத்தில் நுழைந்து கூட்டிவந்தது. இந்த வீட்டுல ஏதாவது ஒண்ணு அசையணும் குணா, என்றார். மகள் போன இடத்தில் நாயைக் கொண்டுவந்து வைக்கிற மனுஷனை என்னவென்று திட்டுவது.

அசைய அதற்கும் மனமில்லை. வந்த அன்றே மாதங்கியின் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டது, யாரும் இல்லாத நேரம் பார்த்து வெளியே வந்து தண்ணீர் குடித்தது, தட்டு விழுந்தால் ஒன்றுக்குப் போனது. காப்பகத்து ரெஜினா, மாதங்கி வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கும், வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள், ஆன்ட்டி, கூப்பிடாதீங்க, கண்ணைப் பாக்காதீங்க, தலைக்கு மேல கை கொண்டுபோகாதீங்க, சும்மா பக்கத்துல முதுகைக் காட்டி உக்காந்திருங்க, அவனா வரட்டும், மாசக் கடைசிக்குள்ள ஒட்டலைன்னா நாங்களே திரும்பக் கூட்டிட்டுப் போயிடறோம், இப்படியே கட்டிலுக்கடியில கெடந்தா செத்துடுவான். முதுகைக் காட்டி உட்காருவது குணவதிக்குக் கஷ்டமே இல்லை, மகள் போனதிலிருந்து ஊருக்கே அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள். முருங்கைக்கீரையை மடியில் போட்டுக்கொண்டு கட்டிலோரம் ஆய்வாள், திங்களன்று ஒரு மூக்கு வெளியே வரும், புதனன்று முன்னங்கால், ஒரு வியாழக்கிழமை அவள் புடவைத் தலைப்பின் மேல் தாடையை வைத்துக்கொண்டு தூங்கியேவிட்டது, கீரை முடிந்தும் அவள் எழுந்திருக்கவில்லை, கால் மரத்துப்போயும் எழுந்திருக்கவில்லை, அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தது, பிடிக்கட்டும். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் வெள்ளி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தணல் போடுவதை மட்டும் அவள் விட்டதில்லை, சாமிக்காக அல்ல, சாமியோடு பேச்சுவார்த்தை நின்று வெகு காலமாகிறது, அந்தப் புகை கட்டிலைச் சுற்றி வரும்போது தலையணையிலிருந்து மகளின் தலை வாசனை எழும், கொஞ்ச நேரம்தான், அந்தக் கொஞ்ச நேரம் மாதங்கி அறைக்குள் இருப்பாள், போதும்மா என்பாள். அன்றும் இருந்தாள். செவலைதான் சுவரோடு சுவராக ஒட்டிப்போய், ஞாயிறுவரை சோற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. வாரம் முழுக்கக் கட்டியது ஒரே சாயங்காலத்தில் இடிகிறது, எத்தனை வாரமாக இப்படியே, குணவதிக்குப் புரியவே இல்லை. யாரோ கண்ணு வச்சுட்டாங்கங்க, என்று கணவரிடம் சொன்னாள், வியாழக்கிழமைதானே ஒட்டி வந்துச்சு. அடுத்த வெள்ளியன்று சாம்பிராணியோடு வெண்கடுகையும் அள்ளிப் போட்டு, தூபக்காலைத் தூக்கிக்கொண்டு மண்டியிட்டு, பிள்ளைக்குக் காட்டுகிற மாதிரி கட்டிலுக்கடியில் நீட்டினாள், எல்லாக் கண்ணும் போகட்டும்டா ராசா. அது கத்திய கத்தலை அவள் இதற்குமுன் கேட்டதில்லை. மணிக்கட்டில் பல் இறங்கியது, தணல் தரையெங்கும் சிதறியது, தில்லைநாதன் செம்புத் தண்ணீரோடு ஓடிவந்தார், போதும் குணா, நான் பண்ணதுதான் தப்பு, இதைக் கொண்டுபோய் விட்டுடலாம்.

ஊசி போட்டுக்கொண்டு திரும்பியபோது ரெஜினா வாசலில் நின்றாள், உள்ளே வந்தவள் மூக்கைச் சுருக்கினாள், ஆன்ட்டி, புகை போட்டீங்களா. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், குப்பைக் கிடங்கு பத்திக்கிச்சு இல்ல, அதுலேர்ந்துதான் இவனை எடுத்தோம், தாயும் மத்த குட்டிங்களும் வெளியவே வரல, நான் முதல்லயே சொல்லியிருக்கணும், இந்தப் புகை நெனப்புக்கு வரல. குணவதிக்கு அவள்மேல் கோபம் வரவில்லை, நாய்மேல்தான் வந்தது. எல்லாரும் போனபிறகு கட்டிலுக்கடியைப் பார்த்துக் கேட்டாள், எம்புள்ளைன்னு எங்கிட்ட மிச்சம் இருக்கறது அந்த வாசனை ஒண்ணுதான், அதையும் உனக்குக் குடுத்துடணுமா. அது நடுங்கியது. கணவரிடம், அடுத்த வெள்ளி போகட்டும், அப்புறம் முடிவு பண்ணுங்க, என்றாள், எதற்காக அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த வெள்ளி எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு கரியை எடுத்து அடுக்குகிறாள், தீப்பெட்டியை எடுக்கிறாள், உள்ளே குச்சிகள் குலுங்கிய சத்தத்துக்கே கட்டிலுக்கடியில் நகங்கள் பின்வாங்கிச் சுவரைத் தேடுவது கேட்கிறது. தூபக்கால் ஒருபக்கம், அந்த நகச்சத்தம் ஒருபக்கம், நடுவில் அவள். தீப்பெட்டியைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். அறைக்குப் போய்த் தலையணையில் முகத்தைப் புதைத்துப் பார்த்தாள், இலவம்பஞ்சு வாசனைதான் வந்தது, இன்னும் அழுத்திப் பார்த்தாள், அதுதான் வந்தது. மாதங்கி வரவில்லை. இனி வரமாட்டாள் என்று ஆஸ்பத்திரியில் தெரியாதது, சுடுகாட்டிலிருந்து அவர் திரும்பி வந்தபோது தெரியாதது, இப்போது தெரிந்தது. தரையில் உட்கார்ந்து, கட்டிலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, ஈரக் கூந்தல் முழுவதும் முன்னால் விழ, சத்தம் போட்டு அழுதாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிடரியில் ஏதோ சூடு. கூந்தலுக்குள் புகுந்து, காதோரம் வந்து, மறுபடி உள்ளே போகிறது, வெதுவெதுவென்று ஒரு மூச்சு, ஒவ்வொரு இழையாக மோந்துகொண்டு, ஈரத்தை உலர்த்துகிற மாதிரி. இன்னும் போகாத காப்பகத்து வேப்பெண்ணெய் வாடை, நாய் வாடை. அவள் திரும்பவில்லை, கை நீட்டவில்லை, தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தாள்.

விளக்கு ஏத்தலையா குணா, என்று கேட்டபடி வந்த தில்லைநாதன் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். புகையே இல்லாத அந்த அறையில், கூந்தலுக்குள்ளிருந்து அவள் மெல்லச் சொன்னாள், கண்ணு எரியுதுங்க.