நூற்றெட்டுத் தையல் பந்து

1973ஆம் வருஷம் தை மாதம் பொங்கல் முடிந்த கரிநாளன்று பிற்பகல் மூன்றேகால் மணிக்கு, மெட்ராஸ் சேப்பாக்கத்தில் அடிக்கப்பட்ட கிரிக்கெட் பந்து ஒன்று சங்கரன்கோவிலில் நல்லக்கண்ணு வீட்டுக் கூரையில் விழுந்து இரண்டு ஓடுகளை உடைத்தது. வந்து சேர இரண்டரை நிமிஷம் ஆனது. நல்லக்கண்ணு அப்போதுதான் கறிச்சோறு சாப்பிட்டு முடித்து, கை கழுவாமல் ரேடியோவில் வர்ணனை கேட்டுக்கொண்டிருந்தார். பந்து மைதானத்துக்கு வெளியே போய்விட்டது, தேடுகிறார்கள் என்று வர்ணனையாளர் சொல்லி வாயை மூடவில்லை, அது கூரையைப் பொத்துக்கொண்டு வந்து ஆட்டுரல் குழிக்குள் உட்கார்ந்தது. அவர் மனைவி சுந்தரம்மாள், “எந்த எடுபட்ட பய ஓட்டுல கல்லெறியுதான்?” என்று தெருவுக்கு ஓடினாள். தெருவில் ஒரு வெள்ளாட்டைத் தவிர யாரும் இல்லை. உள்ளே ரேடியோவில், பந்து கிடைக்கவில்லை, வேறு பந்து எடுத்து ஆட்டத்தைத் தொடர்கிறார்கள் என்றார்கள். நல்லக்கண்ணு ஆட்டுரலைப் பார்த்தார். “தேடாதீங்கய்யா, இங்கன கெடக்கு” என்று ரேடியோவிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு கல்கத்தா, கான்பூர், பெங்களூர், பம்பாய் என்று எல்லா ஊர்ப் பந்துகளும் வர ஆரம்பித்தன. பெங்களூர்ப் பந்துக்கு இரண்டு நிமிஷம், பம்பாய்ப் பந்துக்கு நான்கு நிமிஷம், கல்கத்தாப் பந்துக்கு ஆறரை. பக்கத்து வீட்டு ஆயிஷம்மாள் கூரையில் ஒன்றும் விழாது. எதிர்வீட்டிலும் விழாது. வாடகைக்கு வேறு வீடு பார்த்து மூன்று மாதம் இருந்து பார்த்தார்கள். பந்து அந்தக் கூரைக்கு வந்தது. நல்லக்கண்ணு சுந்தரம்மாள் வீட்டு அடுப்பு எங்கே எரிகிறதோ அந்தக் கூரையைத் தேடி வந்தது என்று தெரிந்ததும், சொந்த ஓட்டிலேயே விழட்டும் என்று திரும்பிவிட்டார்கள். ஓடு மாற்ற வரும் பெத்துராஜ் கூரைமேல் உட்கார்ந்துகொண்டு, “அண்ணாச்சி, ஒங்க வீட்டுக்கு ஓடு மாத்தியே எங்க வீட்டுக்கு ஓடு போட்டுட்டேன், அடுத்து கெணறு வெட்டலாம்னு இருக்கேன்” என்பான். கீழேயிருந்து சுந்தரம்மாள், “வெட்டுவ, வெட்டுவ. மொதல்ல அந்தத் தொளைய ஒழுங்கா அடை” என்பாள்.

நல்லக்கண்ணு ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் கிளார்க். வருஷத்துக்கு இத்தனை என்று இலவச பாஸ் உண்டு. கூட வேலை பார்த்தவர்கள் அதில் காசிக்கும் திருப்பதிக்கும் போனார்கள். அடுத்தவன் பொருளை வீட்டில் வைத்துக்கொள்வது அவருக்கு ஆகாது. ஆகவே அவர் பந்தைத் திருப்பிக் கொடுக்கப் போனார். முதல் பயணத்துக்குச் சுந்தரம்மாளும் புளிச்சோறு கட்டிக்கொண்டு கூடப் போனாள். சேப்பாக்கத்தில் காவல்காரர், “இன்னிக்கி மேட்ச் இல்ல சார்” என்றார். “தெரியும். பந்தக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்.” “எப்ப அடிச்ச பந்து?” “கரிநாளு அன்னைக்கு.” காவல்காரர் உடனே கேட்டைத் திறந்துவிட்டார். அந்தப் பந்துக்காக அரை நாள் சாக்கடைக்குள் கையை விட்டுத் தேடியவர் அவர்தான். நல்லக்கண்ணு எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைப் புல்லில் வைத்தார். பிறகு இரண்டு பேரும் ஆளில்லாத கேலரியில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டார்கள். “ஏட்டி, இங்கன நாப்பதாயிரம் பேரு உக்காருவான்” என்றார். “இப்ப ரெண்டு பேருதான் இருக்கோம். வெரசலாத் தின்னுங்க, காக்கா பாத்துக்கிட்டு இருக்கு” என்றாள் அவள்.

அதிலிருந்து மெட்ராஸ் பந்து வருவது நின்றுபோனது. ஒரு மைதானத்தின் பந்தை அந்த மைதானத்திலேயே வைத்துவிட்டால் அங்கிருந்து பிறகு வராது என்பது அப்படித்தான் தெரிந்தது. நல்லக்கண்ணு ஐந்து வருஷத்தில் எல்லா ஊர்களுக்கும் போய்வந்தார். சட்டைப் பையில் அம்மன் கோயில் பிரசாதமான புற்றுமண் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கும். சங்கரன்கோவில்காரர்கள் வெளியூர் போனால், தலைவலியோ வயிற்றுவலியோ வந்தால் ஒரு துளி வாயில் போட்டுக்கொள்ள அதை எடுத்துப் போவது வழக்கம். கான்பூர் மைதானம் கங்கைக்கரையில் இருக்கிறது என்று தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்தார். கல்கத்தாவில் புல் வெட்டுகிறவர்கள் அவரை உட்காரவைத்து மண்குவளையில் டீ கொடுத்தார்கள். ஸ்டேஷன் ஜன்னலுக்குள் எட்டு மணி நேரம் குனிந்து உட்கார்ந்திருந்த மனிதர், ஆளில்லாத மைதானத்து நடுவில் நின்றால் ஒரு சாண் வளர்ந்ததுபோல் ஆகிவிடுவார். 1978 முடிவதற்குள் கூரை அமைதியாகிவிட்டது. பெத்துராஜ் கிணறு பாதியில் நின்றது.

1979இல் ஆடித் தபசுத் திருவிழா அன்று வேறு மாதிரிப் பந்து ஒன்று விழுந்தது. வெள்ளைத் தோல், சிவப்பு நூல். தபசுக்கு வரும் சம்சாரிகள் தங்கள் வயலில் விளைந்த பருத்தியையும் வற்றலையும் அம்மன் சப்பரத்தின்மேல் வீசிச் சூறை விடுவார்கள். குருவிகுளம் பக்கத்து ஆள் எவரோ வீசிய வேகத்தில் தப்பி வந்தது என்றுதான் தெருவில் பேசிக்கொண்டார்கள். இது எந்த வயலில் விளைந்தது என்பதில் மட்டும் குழப்பம். ரேடியோவிலும் அன்று ஒரு ஆட்டமும் இல்லை. சுந்தரம்மாள் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து சிவப்புத் தையலை எண்ணினாள். நூற்றெட்டு. ஆயிஷம்மாளைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னாள். “நூத்தியெட்டுதாம்ளா. நான் ரெண்டு மட்டம் எண்ணிட்டேன்” என்றாள் ஆயிஷம்மாள். நூற்றெட்டு என்று ஆனபிறகு அது விளையாட்டுப் பந்தாக இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. குங்குமம் வைத்துச் சாமி மாடத்தில் ஏற்றினார்கள். வெள்ளிக்கிழமைகளில் தெருப் பெண்கள் வந்து கும்பிட்டார்கள். அந்தப் பந்துகள் பங்குனியிலும் ஆடி ஆவணியிலும் மட்டுமே விழுந்தன. ஒவ்வொன்று விழும்போதும் சுந்தரம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து அவளுக்கு நாள் தள்ளிப்போனதும், எல்லாரும் பந்தைத்தான் காட்டினார்கள்.

1981 மாசியில் பெண் குழந்தை பிறந்தது. கோமதித்தாய் என்று பெயர் வைத்தார்கள். பங்குனி இரண்டாம் வாரம், குழந்தையைக் குளிப்பாட்டுவதற்காகத் தொட்டிலிலிருந்து தூக்கிச் சுந்தரம்மாள் மூன்று எட்டு வைத்திருப்பாள். பின்னால் ஓடு நொறுங்கியது. திரும்பிப் பார்த்தால் தொட்டில் சேலை ஆடுகிறது, உள்ளே குழந்தை கிடந்த பள்ளத்தில் வெள்ளைப் பந்து கிடக்கிறது. அவள் அதற்குக் குங்குமம் வைக்கவில்லை.

அந்த வாரம் அவள் தம்பி அய்யாத்துரை லீவில் வந்திருந்தான். தூத்துக்குடியிலிருந்து போகும் சரக்குக் கப்பலில் சமையல்காரன். சாமி மாடத்தில் வரிசையாகப் பதினொரு பந்து குங்குமத்தோடு இருப்பதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். “ஏ அத்தான், இது ஜப்பான்காரன் வெளையாடுத பேஸ்பால்லா! கோபே துறைமுகத்துல எறங்குனா எல்லாப் பயலும் இதத்தான் கையில வச்சிருப்பான். பங்குனிலயும் ஆடி ஆவணிலயும் வருதுன்னா கோஷியன் மைதானந்தான். பள்ளிக்கூடத்துப் பயலுவ ஆட்டம். நூத்தியெட்டு தையலு எல்லாப் பந்துலயும்தான் இருக்கும்.” சுந்தரம்மாள் அவனைச் சிரிக்க விடவில்லை. “அப்ப இத்தன நாளும் எவனோ அடிச்ச பந்தக் கும்புட்டுக்கிட்டு, திருப்பிக் குடுக்காம வச்சிருந்தோமாக்கும்” என்றாள். நல்லக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டார். ரயில்வே பாஸ் கடலைத் தாண்டாது. “போறதுக்கு ஒரு வழி கெடைக்குதவரைக்கும் பிள்ளைய ஆயிஷாக்கா வீட்டுல தூங்கப் போடலாம்” என்று மெதுவாகச் சொன்னார். “பெத்த பிள்ளைய அடுத்த வீட்டுல தூங்கப் போடவா பதினோரு வருசம் தவங் கெடந்தேன்? ஆடி பொறக்கதுக்குள்ள கெளம்புங்க.”

கப்பலில் அவர் எப்படி ஏறினார் என்று இங்கே சொல்வதற்கில்லை. அய்யாத்துரைக்கு இன்னும் சர்வீஸ் இருக்கிறது. இரண்டு மாத லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, மஞ்சள் பையில் பன்னிரண்டு பந்துகளும் சட்டைப் பையில் புற்றுமண்ணுமாக ஆனி கடைசியில் புறப்பட்டார். வழி முழுக்க வெங்காயம் உரித்தார். ஆடி மாதம் கடைசி வாரத்தில் கோபேயில் இறங்கி, அய்யாத்துரை எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டிக் காட்டி ரயில் ஏறிக் கோஷியன் போய்ச் சேர்ந்தார். வெளிச்சுவர் முழுக்கக் கொடி படர்ந்து கிடந்தது. உள்ளே ஐம்பதாயிரம் பேர். அவர் போன மைதானங்களில் ஆள் நிறைந்திருந்து பார்த்தது அது ஒன்றுதான். ஆட்டம் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அடித்தவன் ஓடுகிறான், சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறான், அதற்கு இத்தனை கைதட்டலா என்று நினைத்தார்.

ஆட்டம் முடிந்ததும் நடந்ததுதான் அவருக்குப் புரிந்தது. தோற்ற பக்கத்துப் பையன்கள் அழுதுகொண்டே மண்டியிட்டார்கள். அந்தக் கறுத்த மண்ணை இரண்டு கையாலும் வாரி, ஆளுக்கொரு பையில் போட்டுக் கட்டிக்கொண்டார்கள். நல்லக்கண்ணு செருப்பைக் கழற்றிவிட்டார். விளையாட்டு மைதானத்துக்கு வந்திருக்கிறோம் என்ற எண்ணமே அவருக்குப் போய்விட்டது. மண்ணைப் பிரசாதமாகக் கட்டிக்கொண்டு போகிற இடம் உலகத்தில் வேறு எதுவாக இருக்க முடியும்? இவ்வளவு தூரத்தில் நம் அம்மனுக்கு ஒரு கோயில் இருப்பது தெரியாமல் இருந்துவிட்டோமே என்று கண்ணில் நீர் வந்தது. கம்பி வேலியோரம் நின்ற தொப்பி போட்ட வயசாளி ஒருவரிடம் மஞ்சள் பையை நீட்டினார். வயசாளி ஒவ்வொரு பந்தாக எடுத்து, குங்குமத்தைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தரம் குனிந்தார். கோயிலுக்கு வந்துவிட்டு வெறுங்கையோடு நிற்கக்கூடாது என்று நல்லக்கண்ணு புற்றுமண் பொட்டலத்தைப் பிரித்து, வேலி இடுக்கு வழியாக உள்ளே மண்ணோடு மண்ணாகக் கொட்டினார். வயசாளி போய் ஒரு கை கறுப்பு மண் அள்ளி வந்து கொடுத்தார். நல்லக்கண்ணு அதில் கொஞ்சம் நெற்றியில் இட்டுக்கொண்டு, கொஞ்சம் வாயில் போட்டுக்கொண்டார். வயசாளி ரொம்ப நேரம் யோசித்து, இன்னொரு தரம் நன்றாகவே குனிந்தார்.

அங்கே அப்போது பிற்பகல் மூன்று மணி. சங்கரன்கோவிலில் காலை பதினொன்றரை. அவர் போய்ச் சேரும்வரை வேறு வழியில்லை என்று, ஆடி பிறந்ததிலிருந்து குழந்தை ஆயிஷம்மாள் வீட்டில்தான் தூங்கியது. அன்று ஆயிஷம்மாள் வீட்டில் வெள்ளையடிப்பு, சுண்ணாம்பு நெடி குழந்தைக்கு இருமலைக் கிளப்பியது. ஒரு மணி நேரம்தானே என்று சுந்தரம்மாள் தன் வீட்டுத் தொட்டிலில் போட்டிருந்தாள். அரிசி களைந்துகொண்டிருந்தவள் காதில் ஓடு உடையும் சத்தம் விழுந்தது. அவள் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். தொட்டிலுக்கு நேர் மேலே ஒரு முழ உயரத்தில் பந்து நின்றுகொண்டிருந்தது. கயிறு இல்லை, கம்பி இல்லை. குழந்தை அதைப் பார்த்துக் கையைக் காலை உதறிச் சிரித்தது. சுந்தரம்மாள் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு சுவர் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஆயிஷம்மாள் வந்து பார்த்தாள், “யா அல்லா” என்றாள். பிறகு சாயங்காலம் வரைக்கும் இரண்டு பேரும் பந்து விழுவதற்காகக் காத்திருந்தார்கள். அது விழவில்லை.

புரட்டாசியில் நல்லக்கண்ணு கறுப்பு மண்ணோடு வந்து சேர்ந்தார். பதின்மூன்றாவது பந்தைப் பார்த்ததும், “இதையும் கொண்டு போய்க் குடுக்கணும்லா” என்றார், முகத்தில் வருத்தமே இல்லாமல். கையால் பிடித்து இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, காலை மடக்கித் தொங்கினார். எழுபத்திரண்டு கிலோ மனிதர் அந்தரத்தில் ஆட, பந்து நின்ற இடத்தில் நின்றது. “எறங்குங்க, போதும்” என்றாள் சுந்தரம்மாள். அதற்குப் பிறகு எந்த ஊர்ப் பந்தும் வரவில்லை. பந்து நிற்கிற இடத்துக்குக் கீழே மட்டும் அவள் யாரையும் படுக்க விடமாட்டாள். தொட்டிலை அவிழ்த்தாள். குழந்தையைச் சுவர் ஓரத்தில் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். பெருக்கும்போதுகூட அந்த இடத்தை எட்டி நின்றே பெருக்கினாள். பக்கத்து ஊர்களிலிருந்து பார்க்க வந்தவர்கள் ஒரு வருஷம் வந்தார்கள், பிறகு அவர்களுக்கும் வேலை இருந்தது. நல்லக்கண்ணு சாப்பிட்டுவிட்டு வரும்போது பந்தில் தலை இடிக்காமல் குனிந்து வரப் பழகிக்கொண்டார். சட்டையைக் கழற்றி அதில் மாட்டினால் மட்டும் சுந்தரம்மாள் சத்தம் போடுவாள்.

1987 ஐப்பசியில், மழை நாளொன்றில், தென்காசி வண்டிக்கு டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தபோது நல்லக்கண்ணு அப்படியே மேஜையில் சாய்ந்துவிட்டார். கடைசியாக டிக்கெட் வாங்கியவர் வாசுதேவநல்லூர்க்காரர். வண்டியை விட்டுவிட்டு வீடுவரை கூடவே வந்தார். உடலை வாசல் வழியாக உள்ளே கொண்டுவந்தபோது தூக்கியவர்கள் எல்லாரும் சொல்லிக்கொடுக்காமலே பந்துக்குக் குனிந்தார்கள்.

அடுத்த சித்திரையில் வெயில் தாங்கவில்லை. ரயில்வேயிலிருந்து வந்த பணத்தில் சுந்தரம்மாள் ஒரு மின்விசிறி வாங்கினாள். அதற்குள் பெத்துராஜ் வயரிங் வேலையும் படித்திருந்தான். உத்திரத்தில் தொட்டில் கொக்கி இருந்த இடம் பந்துக்கு நேர் மேலே. அவன் ஸ்டூலில் நின்றுகொண்டு, “அக்கா, இத என்னமும் செஞ்சு எடுத்துருவமா?” என்றான். “அண்ணாச்சி தொங்கியே வரல. நீ என்னத்த எடுப்ப? அது இருக்கட்டும், ஃபேன ரெண்டடி தள்ளி மாட்டு” என்றாள். தள்ளி மாட்டினான். உத்திரம் சாய்வாக இருந்ததால் காற்று நேராக இறங்காமல் பந்துக்குக் கீழேயே போய் விழுந்தது. சுவர் ஓரத்துக்குத் துளிக்கூட வரவில்லை.

மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் சுந்தரம்மாள் கொஞ்ச நேரம் பாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஏழு வயதுக் கோமதித்தாய், “எம்மா, அங்கன படுக்கப்படாதுல்லா?” என்றாள். “படுக்கலாம். ஒங்கய்யா ஒடம்பத் தாங்குனது, நம்ம மேலயா விழப்போவுது” என்று சொல்லி, பந்துக்கு நேர் கீழே பாயை விரித்து, மகளை உள்பக்கம் போட்டுக்கொண்டு படுத்தாள். விசிறி சுற்றியது. பந்து அசையவில்லை. காற்று நன்றாக வந்தது. இரண்டு பேரும் நாலரை மணி வரைக்கும் தூங்கினார்கள்.