பூச்சிக்கு வைத்த பெயர்

ஒரு சொட்டுக் கடல் தண்ணீரை மைக்ரோஸ்கோப்பில் வைத்து, அதில் எத்தனை இனப் பூச்சிகள் மிதக்கின்றன என்று சொல்வதுதான் அவர் வேலை. கேட்க லேசாகத்தான் இருக்கும். பாழாய்ப்போன அந்தப் பூச்சிகளில் குட்டிக்கும் தாய்க்கும் ஜாடையே இருக்காது; ஆணும் பெண்ணும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதது போலத் திரியும். எண்ணி முடிப்பதற்குள் மண்டை காய்ந்துவிடும்.

இந்த லட்சணத்தில், பக்கத்து மேஜையில் அதே வேலை பார்ப்பவர் அவருடைய சகலை, மனைவியின் அக்கா புருஷன். அக்காவும் தங்கையும் எல்லாவற்றுக்கும் போட்டி போடும்போது சகலைகள் மட்டும் கொஞ்சிக் குலாவுவார்களா என்ன? ஒருவர் மைக்ரோஸ்கோப்பில் மற்றவர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

சகலை ஒரு புது இனத்தைக் கண்டுபிடித்து, அதற்குத் தன் மனைவி பெயரை வைக்கப்போவதாகச் சொன்னார். இவர் சும்மா இருப்பாரா? இவரும் ஒன்றைக் கண்டுபிடித்தார். கட்டுரையை அனுப்பும் முன் ஆசையாகப் படத்தை மனைவியிடம் காட்டியதுதான் வினை.

“என்னங்க இது, வயிறு இவ்ளோ பெருசா இருக்கு?”

“அது முட்டைப்பை. பொம்பளப் பூச்சிக்கு அப்படித்தான் இருக்கும்.”

“என் பேரை வெச்சுட்டு இப்படியா வரையறது? ஒல்லியா வரைங்க.”

மேலிருந்து, பக்கவாட்டில் என்று வரைந்து வரைந்து பார்த்தார். வயிறு வயிறாகத்தான் இருந்தது. அதற்குள் சகலையின் கட்டுரை அச்சாகிவிட்டது. இவருடையது பின்னால் வந்தது. போகட்டும், பெயர் தன்னுடையதாயிற்றே என்று அவள் அந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். அக்கா வந்தால் அதற்கு எதிரேதான் உட்காரவைப்பாள்.

இன்று மரபணுச் சோதனை முடிவு வந்தது. இரண்டும் ஒரே இனமாம்! சகலை குப்பியில் இருந்ததெல்லாம் ஆண், இவர் குப்பியில் இருந்ததெல்லாம் பெண். முதலில் அச்சான பெயர்தான் நிற்கும் என்பது விதி. இதை அவளிடம் எப்படிச் சொல்வது? வீடு வரும்வரை வழியெல்லாம் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

சொன்னார். அவள் கண் கலங்கிவிட்டது.

“அப்ப, அக்கா ஜெயிச்சுட்டா.”

“என்ன பண்றது... ரெண்டுக்குமே இனிமே உங்க அக்கா பேருதான்.”

“ரெண்டுக்குமா? இதுக்குமா?” படத்தைக் காட்டினாள்.

“ஆமா.”

“அப்ப இந்த வயிறு?”

“அதுவும் உங்க அக்காவுதுதான்.”

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். படத்தைக் கழற்றிக் கண்ணாடியைப் பளபளவென்று துடைத்தாள்.

“வண்டிய எடுங்க. அக்கா வீட்டுக் கூடத்துல மாட்டிட்டு வந்துடலாம்.”