மாலை போட்ட படம்

"இன்னாங்க இது, உயிரோட கீற மனுஷிக்கு மாலையப் போட்டு, பொட்டு வெச்சு, லைட்டு வேற எரிய உட்டுக்கினு கீறீங்க? எங்கம்மாங்க அவங்க!"

காலை பத்து மணிக்கு முன்பின் தெரியாதவன் ஒருவன் போனில் இப்படிக் கத்தினால் யாருக்குத்தான் கோபம் வராது? எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வரும். முப்பத்தொரு வருஷம் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்தவள் நான். சில்லறை இல்லாமல் வருகிறவனையும் வரிசையை மீறி வருகிறவனையும் பார்த்துப் பார்த்து வாய் தானாகவே நீண்டுவிட்டது.

"யோவ், யாருய்யா நீ? அந்தப் படத்துல இருக்கிறது என்னைப் பெத்தவ. செத்து அம்பத்தேழு வருஷம் ஆகுது" என்றேன்.

"என் பேரு டில்லிபாபு. பாலவாக்கம். எங்கம்மா இப்பத்தான் மூணு இட்லி துன்னுட்டு பேப்பர் பட்ச்சிக்கினு கீது. நம்பலன்னா வந்து பாருங்க."

போனை வைத்துவிட்டு மகளைத்தான் கூப்பிட்டுத் திட்டினேன். எல்லாம் மஹதி இழுத்துவிட்ட வினை. ஒரு மாதமாக அவளுக்கு வம்சாவளிப் பைத்தியம். வீட்டிலிருந்த பழைய ஆல்பத்தை எடுத்து, ஒவ்வொரு படத்தையும் செல்போனில் பிடித்து, நம்பர் போட்டு, சொந்தக்காரர்கள் நாற்பது பேர் இருக்கிற வாட்ஸப் குழுவில், "இவங்க யாருன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க" என்று போட்டாள். பதினோராம் நம்பரில் முறுக்கு மீசையோடு நிற்பது நான்தான் என்று மூன்று மாமாக்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். ஐம்பது படத்துக்கு ஆள் தெரிந்துவிட்டது. பாக்கி ஒன்பது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஹால் சுவரில் மாட்டியிருக்கும் என் அம்மா படத்தையும், மாலையும் விளக்குமாக அப்படியே பிடித்து, "என் பாட்டி புனிதவதி" என்று எழுதி, என் போன் நம்பரோடு போட்டுவிட்டாள். அதை யாரோ யாருக்கோ அனுப்ப, அது சுற்றிச் சுற்றிப் பாலவாக்கம் போய்விட்டது.

அந்தப் படத்தைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். எனக்கு இரண்டு வயது நிறைவதற்குள் அம்மா போய்விட்டாள். காசநோய். எங்கள் வீட்டில் அதை "அந்த வியாதி" என்பார்கள். அவள் படுத்த பாய், தலையணை, கட்டிய புடவை, தகரப் பெட்டி எல்லாவற்றையும் கொல்லையில் போட்டுக் கொளுத்தினார்களாம். மயிலாப்பூரில் சித்திரக்குளத்துப் பக்கம் எங்கள் வீடு. அப்பாவின் அக்காதான் என்னை வளர்த்தாள். அத்தை சோறு போட்டாள், படிக்க வைத்தாள், ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அம்மா என்று வாயெடுத்தால், "எழுந்து போய்ப் பாத்திரத்தைக் கழுவு" என்பாள். ஆல்பம் அவளுடைய பீரோவுக்குள் இருந்தது. சாவி அவள் இடுப்பில்.

அத்தை காலமானபோது எனக்கு இருபத்தைந்து வயது, கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சாவி என் கைக்கு வந்தது. ஆல்பத்தைப் புரட்டினேன். ஒரு பக்கத்தில், நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், அவள் மடியில் மொட்டைத் தலையோடு நான். என் கொலுசும், கன்னத்தில் வைத்த திருஷ்டிப் பொட்டும் தெளிவாகத் தெரிகின்றன. அந்தப் பெண்ணுக்குக் கொழுகொழுவென்று கன்னம், சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற வாய். "அம்மா" என்று வாய்விட்டுச் சொன்னேன். சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன். அந்த வார்த்தையை அதற்குமுன் யாரைப் பார்த்தும் சொன்னதில்லை.

எங்கள் வழக்கத்தில், பெற்றவள் இல்லாத பெண், முகூர்த்தத்துக்குப் புறப்படுமுன் அவள் படத்தின் முன்னால் விழுந்து கும்பிட்டு உத்தரவு வாங்க வேண்டும். அவசர அவசரமாகப் படத்தைப் பெரிதாக்கி மாட்டினேன். முகூர்த்தத்தன்று கும்பிட்டு எழுந்து, பக்கத்தில் நின்ற அப்பாவிடம், "அம்மா எவ்ளோ அழகு இல்லப்பா?" என்று கேட்டேன். அப்பா படத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்குக் காபி போச்சான்னு பாரு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். பாவம், துக்கம் தாங்கவில்லை என்று நினைத்தேன்.

முப்பத்து நாலு வருஷம். வெள்ளிக்கிழமை தவறாமல் மல்லிகைச் சரம். மஹதி வயிற்றில் இருந்தபோது, எனக்குப் பிரமோஷன் கிடைக்காமல் போனபோது, என் வீட்டுக்காரர் தவறியபோது, எல்லாம் அந்தப் படத்தோடுதான் பேசினேன். அம்மா என்று எனக்கு இருந்தது அது ஒன்றுதான். அதையும் எவனோ ஒருத்தன் போனில் வந்து "எங்கம்மா" என்கிறான் என்றால் வயிறு எரியுமா எரியாதா?

"ஒரு தடவை பாத்துடலாமேம்மா. பொய்யா இருந்தா போயிடட்டும்" என்றாள் மஹதி.

"நான் போகமாட்டேன். வேணும்னா அவங்க வரட்டும்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். நான் வேண்டுமென்றே புதுச் சரமாக வாங்கிப் படத்துக்குப் போட்டுவைத்தேன். எங்கள் திருவான்மியூர் ஃப்ளாட்டில் லிஃப்ட் அன்றைக்கென்று வேலை செய்யவில்லை. டில்லிபாபு நல்ல தாட்டியான ஆள், ஐம்பது வயதிருக்கும். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறிவந்து வாசலில் நின்றாள் அந்த அம்மாள்.

கன்னம் தொங்கிப் போயிருந்தது. தலை முழுக்க வெளுப்பு. ஆனால் சிரிக்கலாமா வேண்டாமா என்கிற அந்த வாய் அப்படியே இருந்தது. அதைத் தினமும் பார்த்துக் கும்பிட்டவள் நான். எனக்குத் தெரியாதா?

"பாரும்மா, நல்லா பாரு, நீ சாமியாயிட்ட" என்றான் டில்லிபாபு.

அவள் சுவரைப் பார்த்துச் சிரித்தே விட்டாள். "எத்தினி வருஷமா கும்புட்டுக்கினு கீறே?"

"முப்பத்து நாலு" என்றேன்.

"அதான் பாரு! சக்கரை, பிரஷரு, ரெண்டு முட்டிலயும் ஆபரேஷன், எதுக்கும் அசராம கெடக்கறேன்."

மஹதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குச் சுள்ளென்று ஏறியது. "சிரிக்காதீங்க. நீங்க யாரு, அதச் சொல்லுங்க மொதல்ல."

"உங்கம்மாவோட கூடப் பொறந்தவ. கமலவேணி. உனக்குச் சித்தி."

"எனக்குச் சித்தின்னு யாரும் கிடையாது."

"உங்க அத்தை சொல்லியிருக்க மாட்டா. அவளுக்கு நான் அன்னிக்கே செத்துட்டேன்." சோபாவில் மெதுவாக உட்கார்ந்தாள். "அக்கா போன பதினாறாம் நாளு பெரியவங்கல்லாம் ஒக்காந்து பேசினாங்க. கொழந்தைக்கு மாத்தாந்தாயி எதுக்கு, தங்கச்சிக்காரியவே மாமனுக்குக் கட்டிடலாம்னாங்க. என்னைய ஒரு வார்த்த கேக்கல. நான் மாட்டேன்னுட்டேன். தோ, இவன் அப்பாவோட போய்ட்டேன். அடையாறுல சைக்கிள் கடை வெச்சிருந்தாரு. தாயில்லாப் புள்ளைய அம்போன்னு உட்டுட்டுப் போனவன்னு உங்க அத்தை மண்ணை வாரித் தூத்தினா. உன்னப் பாக்க ரெண்டு தபா வந்தேம்மா. கதவைத் தொறக்கல. மூணாவது தபாவும் வந்திருக்கணும். ரோஷம். வரல."

ஆக, அப்பாவுக்குத் தெரியும். தன்னை வேண்டாம் என்று போனவளின் படத்தின் முன்னால் தன் மகள் மணக்கோலத்தில் விழுந்து, அம்மா அம்மா என்று கும்பிடுகிறாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார் மனிதர். 'இது உங்கம்மா இல்லை' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்? வெட்கமா, வீம்பா, கல்யாணத்தன்று எதற்கு என்று தள்ளிப் போட்டதா? அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் உயிரோடு இருந்தாரே! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் இருந்திருந்தால் கேட்டே இருப்பேன்.

ஸ்டூலைப் போட்டு ஏறி மாலையைக் கழற்றினேன். மல்லிகைச் சரத்தையும் எடுத்தேன். "கெடக்கட்டும் உடு, இன்னும் எத்தினி நாளைக்கு" என்றாள் சித்தி. நான் கேட்கவில்லை. கண்ணாடி மேலிருந்த குங்குமத்தைத் தண்ணீர் தொட்டுத் துடைத்தேன். இருக்கிறவளுக்கு மாலை போட்ட பாவம் ஒருபக்கம். பெற்றவளுக்கு ஒரு நாளும் ஒரு பூ போடாத பாவம் இன்னொரு பக்கம்.

நான் இறங்குவதற்காகக் காத்திருந்தவள் போல, சித்தி பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து முந்தானையால் துடைத்து மாட்டிக்கொண்டாள். "சரி, அக்காவைக் காட்டு."

எனக்குப் புரியவில்லை.

"இந்தப் படத்துல என் பக்கத்துல அக்கா நிக்கறாளே. அந்த மீதியக் காட்டு. அதுக்குத்தான் இந்தப் படியெல்லாம் ஏறி வந்தேன். எங்கிட்ட அக்கா படம் ஒண்ணுகூட கெடையாது. டில்லி போன்ல காட்டினப்ப என் மூஞ்சியப் பாத்து எனக்கு ஒண்ணும் தோணல. இது பத்திரமா கீதுன்னா அக்காவும் இருப்பாளேன்னுதான் ராத்திரியெல்லாம் தூக்கம் வரல."

மஹதி ஆல்பத்தை எடுத்து வந்து வேகவேகமாகப் புரட்டினாள். கறுப்புத் தாளில் நாலு மூலைக் காகிதங்கள் மட்டும் ஒட்டியிருந்த ஒரு பக்கம் வந்தது. "இங்க ஒண்ணு இருந்திருக்கு. அது எங்கம்மா போச்சு?" என்று என்னைப் பார்த்தாள்.

சித்தி அந்த வெற்று இடத்தில் விரலை வைத்தாள். "உனக்கு மொட்டை போட்டு ஒரு வாரம். மயிலாப்பூர்லயே ஒரு ஸ்டுடியோ. அக்காவுக்கு அப்பவே இருமினா ரத்தம். கொழந்தையத் தொடவே கூடாதுன்னுட்டாரு டாக்டரு. அதான் நான் உன்ன மடியில வெச்சுக்கினு ஒக்காந்தேன். அக்கா அந்தாண்ட நின்னா. போட்டோக்காரரு, 'கிட்ட வாங்கம்மா, கொழந்த மேல ஒரு கை வைங்க'ன்னு கெஞ்சறாரு. ஊஹூம். கொழந்தைக்கு ஒட்டிக்கும்னு ஒரு மொழம் தள்ளியே நின்னா, மகராசி."

படத்தைப் பெரிதாக்கித் தந்த அந்தக் கடை தி. நகரில் இப்போது இல்லை. கல்யாணத்துக்கு எட்டு நாள் இருந்தபோது அங்கே போனேன். சுவருக்குப் பெரிதாக ஒன்று, மாமியார் வீட்டுக்கு எடுத்துப்போக இந்தப் படத்தையே ஒரு சின்ன ஃபிரேமில் போட்டு ஒன்று என்று கேட்டேன். படம் அகலமாக இருக்கிறது, சின்ன ஃபிரேமில் அடங்காது என்றார் கடைக்காரர். "ஓரத்துல நிக்கறவங்க வேணுமா மேடம்?" என்று கேட்டார். பாவம், நல்ல மனிதர், இரண்டு தடவை கேட்டார். "அது யாரோ. வெட்டிடுங்க" என்றேன். "நடுவுல நல்லா எடம் இருக்கு, யார் மேலயும் படாது" என்று ஸ்கேலை வைத்துக் கோடு போட்டுக் கத்தரிக்கோலால் வெட்டினார். துண்டு கீழே விழுந்தது. டெய்லரிடம் ரவிக்கை வாங்க நேரமாகிவிட்டதே என்று நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒட்டக்கூடாது என்று அவள் விட்ட இடத்தில்தான் கத்தரிக்கோலை விடச் சொல்லியிருக்கிறேன்.

"நான்தான் வெட்டச் சொன்னேன் சித்தி" என்றேன். "யாரோன்னு நெனச்சு வெட்டச் சொல்லிட்டேன். துண்டைக்கூட வாங்கிக்கல."

அடிப்பாவி என்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம். திட்டவில்லை. டில்லிபாபு தலையைக் குனிந்துகொண்டான். மஹதி ஆல்பத்தை மூடினாள். சித்தி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"போவட்டும். நீ பாத்திருக்கியே. வெட்டறதுக்கு முன்ன நீ பாத்தே இல்ல? எனக்கு அவ மொகம் மறந்தே போச்சுடி. கொரலு ஞாபகம் கீது. மொகம் மட்டும் வரமாட்டேங்குது. எப்பிடி இருந்தா, சொல்லு."

நான் கண்ணை மூடி யோசித்தேன். "ஒல்லியா இருந்தாங்க."

"ஆமா, ஒல்லிதான். அப்பறம்?"

"கோடு போட்ட பொடவை. முந்தானைய இழுத்துப் போத்தியிருந்தாங்க."

"ஆமா ஆமா, அவளுக்குக் குளுந்துக்கினே இருக்கும். மொகம்? சிரிச்சாப்புல இருந்தாளா, அழுவறாப்புல இருந்தாளா? அதயாச்சும் சொல்லுடி."

ஆல்பம் அப்போது என் கையில் ஒரு மாதம் இருந்தது. தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருந்தவளை மட்டும்தான் பார்த்தேன். சித்தி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவோ முயன்றேன். போர்த்திய முந்தானைக்கு மேலே எனக்கு ஒன்றும் வரவில்லை.

"நான் பாக்கல சித்தி" என்றேன்.