ஆரஞ்சுச் சட்டைக்காரி

எங்கள் மோட்டார் சைக்கிள் சங்கத்தில் இருபத்திரண்டு வருடமாக ஒரே பெண் நான்தான். அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அந்தப் பிசியோ வரும்வரை அதற்கு அவசியமும் இருக்கவில்லை.

எல்லாம் என் கொழுந்தன் இழுத்து வைத்த வினை. லேத் பட்டறைக்காரர், சங்கத் தலைவர். என் வீட்டுக்காரருக்கு இரண்டு சக்கரத்தைப் பார்த்தாலே தலை சுற்றும். அந்தக் குடும்பத்து வண்டிப் பைத்தியம் மொத்தமும் தம்பிக்கே போய்விட்டது. ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று, "அறுபது பேரா இருந்தோம், இப்ப பத்தொன்பது. அதுல யாரு சின்ன வயசுன்னு பார்த்தா, நம்ம அண்ணி. அம்பத்திமூணு! இளவட்டத்தைச் சேர்க்கலன்னா இனி கூட்டத்தை ஆஸ்பத்திரியிலதான் போடணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களை வரவேற்கிறோம் என்று பட்டறைக் கதவில் நோட்டீஸ் ஒட்டினார். மூன்றாவது வாரம் அவள் வந்தாள். இருபத்தாறு வயது. கை கால் பிடிப்புக்கு வைத்தியம் பார்க்கும் பிசியோதெரபி கிளினிக்கில் வேலை. வண்டி என்னவோ கொசு போல ஒரு நூற்றைம்பது சிசி. அதற்கு நடந்த உபசாரத்தைப் பார்க்க வேண்டுமே! டயர் கடைக்காரர் தானே போய்க் காற்று பிடித்தார். நான் வந்தால் நாற்காலியை இழுத்துப் போடும் டிராயிங் மாஸ்டர், அதே நாற்காலியைத் துடைத்து அவளுக்குப் போட்டார். நான் மேசை ஓரமாகச் சாய்ந்து நின்றேன். ஒருத்தர்கூட "உக்காரும்மா" என்று சொல்லவில்லை. வயிறு எரிந்தது. எரிந்ததை எரிந்தது என்றுதானே சொல்ல வேண்டும்?

அவள் எடுத்துப் போட்ட வீடியோவைப் பார்த்து இன்னும் ஏழு பேர் சேர்ந்தார்கள். அவ்வளவுதான், கொழுந்தனுக்குத் தலைகால் புரியவில்லை. "அண்ணி, நம்ம பிசியோவுக்கு ஒரு நல்ல சீட்டு தைச்சுக் குடுங்களேன்" என்று என் கடைக்கே வந்து நின்றார். ரெக்ஸின் சீட்டு தைப்பதுதான் என் பிழைப்பு. தைத்தேன். ஊசி இரண்டு முறை உடைந்தது. அந்தச் சமயத்தில்தான் மெதுவாக இன்னொன்றையும் சொன்னார்: "ஆண்டுவிழாப் பயணத்துல ஆரஞ்சுச் சட்டையை அவ போடட்டுமே? போட்டோவுல சின்ன முகமா இருந்தா இன்னும் நாலு பேர் வருவாங்க."

அந்தச் சட்டை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கூட்டமாக வண்டி ஓட்டும்போது எல்லோருக்கும் வழி தெரியாது. அதனால் திருப்பம் வந்தால், முன்வண்டிக்கு அடுத்து வருபவர் அங்கேயே நின்று கை காட்ட வேண்டும். மற்ற எல்லோரும் திரும்பி, கடைசி வண்டியும் வந்த பிறகுதான் அவர் கிளம்பலாம். கடைசி வண்டி என்று தெரிவதற்குத்தான் ஆரஞ்சுச் சட்டை. யாராவது விழுந்தால், யார் வண்டியாவது நின்றுபோனால், பின்னால் வந்து பார்க்கிறவள் நான். எல்லோருடைய போனையும் அணைத்து வாங்கி, பின்பெட்டியில் பூட்டி எடுத்து வருகிறவளும் நான்தான். ஓட்டும்போது போன் பார்த்து ஒருவர் கையை முறித்துக்கொண்ட பிறகு நானே போட்ட சட்டம் அது. அந்தச் சட்டையைத் தைத்ததும் நான். அதைக் கழற்றி நேற்று முளைத்த காளானுக்குக் கொடுக்க வேண்டுமாம்.

"பார்க்கலாம்" என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அணைக்கட்டு வரை ஒரு பயணம். மர மில் முக்கில் நேரே போனால் நெடுஞ்சாலை, இடப்பக்கம் திரும்பினால் அணை. அங்கே அவளை நிறுத்திவிட்டு கொழுந்தன் முன்னால் போய்விட்டார். நான் வரும்போது பார்த்தேன், தூரத்தில் அவள் வெயிலில் நின்று விறைப்பாக இடது கையை நீட்டிக்கொண்டிருந்தாள். கடைசி ஆள் அவளைத் தாண்டித் திரும்பினார். இனி நான் போக வேண்டியதுதான் பாக்கி.

மில்லுக்கு இந்தப் பக்கம் ஒரு சந்து உண்டு. மரத்தூள் ஏற்ற வண்டி வரும் வழி. சுற்றிக்கொண்டு போய் அணைச் சாலையிலேயே சேரும். அந்தச் சந்தில் வண்டியைத் திருப்பினேன்.

பெரிய திட்டமெல்லாம் இல்லை. பத்து நிமிடம் நிற்பாள், சலித்துப்போய் இடத்தை விட்டுக் கிளம்பி வருவாள், நின்ற இடத்தில் நிற்கத் தெரியாதவளுக்கா சட்டை என்று எல்லோர் முன்னாலும் கேட்கலாம். அவ்வளவுதான் கணக்கு.

அணைப் பக்கத்து ஓட்டலில் கொழுந்தன், "பிசியோ எங்க அண்ணி?" என்றார்.

"வருவா. சின்னப் பசங்க, எங்கயாவது நின்னு போட்டோ எடுத்துட்டு இருப்பாங்க."

சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டு, பெட்டியைத் திறந்து போன்களைக் கொடுத்தேன். ஒன்று மிச்சம் இருந்தது. மஞ்சள் உறை. டிராயிங் மாஸ்டர் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"போனே உங்கிட்ட இருக்கு. எதால போட்டோ எடுப்பா?"

என் காதெல்லாம் சூடாகிவிட்டது. கொழுந்தன் சாவியை எடுத்தார். "நீங்க சாப்பிடுங்க, நான்தானே கடைசி வண்டி" என்று சொல்லி, போனைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

வந்த சந்து வழியாகவே திரும்பி மர மில் முக்குக்கு நான் போய்ச் சேரும்போது ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அவள் அங்கேயேதான் நின்றிருந்தாள். முகம் கன்றிச் சிவந்திருந்தது. ஓரமாக நின்ற லாரியின் டிரைவரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தவள், என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"அக்கா! எங்க விழுந்தீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் கையுறையை உருவி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"இங்க வலிக்குதா?"

"இல்ல."

"இங்க? தோள்பட்டை? கையைத் தூக்குங்க. அந்தப் பக்கமிருந்து வந்த வண்டி அத்தனையையும் நிறுத்திக் கேட்டேன்க்கா, ஆரஞ்சுச் சட்டை போட்ட அம்மா யாராவது கிடக்குறாங்களான்னு. இந்த அண்ணன் பாவம், வாய்க்கால்ல எல்லாம் இறங்கிப் பார்த்துட்டு வந்தாரு. சட்டை வராம நகரக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்கல்ல, அதான் நானே தேடி வர முடியல."

லாரி டிரைவரின் வேட்டி முழங்கால் வரை சேறு. அவர் என்னைப் பார்த்து, "நல்லவேளைம்மா" என்றார். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

பஞ்சர் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். ஆனால் அவள் விரல்கள் என் முழங்கையில் எலும்பு எலும்பாகத் தேடிக்கொண்டிருந்தன.

"விடும்மா. நான் விழல. சந்து வழியா போனேன், வேணும்னுதான். நீ நிக்கிறதைப் பார்த்துட்டுத்தான் போனேன்."

விரல்கள் நின்றன. "ஏன்?"

"பொறாமை. வேற என்ன? எல்லாரும் உன்னைத் தலையில தூக்கி வெச்சு ஆடுறாங்க. சட்டையும் உனக்காம்."

அவள் என் கையைக் கீழே விட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன், எனக்கென்ன வாயா இல்லை? அவள் போனை வாங்கிப் பையில் போட்டாள். லாரிக்காரருக்கு நன்றி சொன்னாள். ஹெல்மெட்டை மாட்டி, நான் தைத்த சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

வழக்கம்போல அவள் முன்னால் போகட்டும் என்று நான் காத்திருந்தேன். அவள் நகரவில்லை.

"போம்மா, நான் பின்னால வரேன்."

"வேணாம்க்கா. உங்களைப் பின்னால விட்டுட்டு என்னால ஓட்ட முடியாது. நீங்க முன்னால போங்க."

இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பேருக்குப் பின்னால் ஓட்டியிருக்கிறேன். ஒருத்தரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. ஆரஞ்சுச் சட்டையோடு நான் முன்னால் போனேன். அணை வரை கண்ணாடியில் அவள் விளக்கு தெரிந்துகொண்டே இருந்தது. வேகமாகப் போய்ப் பார்த்தேன், மெதுவாகவும் போய்ப் பார்த்தேன். ஒரு இடத்தில்கூட அவள் என்னைத் தனியாக விடவில்லை.